டெண்டர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு (அரசு டெண்டர் அல்ல!)

டெண்டர் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டில் யாருக்கும் ஞாபகம் வருவது பொதுப்பணித்துறை, ஒப்பந்தப்புள்ளி, மூடி முத்திரையிட்ட உறை இத்யாதிகள்தான். இந்தக் கட்டுரை அந்த டெண்டரைப் பற்றியது அல்ல. பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் கரைக்கும் படகுக்கும் இடையே போய்வர ஒரு குட்டிப் படகு வைத்திருப்பார்கள். அதற்கும் டெண்டர் என்றுதான் பெயர்.

எதற்காக இன்னொரு படகு? ஒரு 9 மீட்டர் பாய்மரப் படகின் அடியில் சுமார் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் கீல் தொங்கிக்கொண்டிருக்கும். கரையோரம் வந்தால் தரைதட்டிவிடும். துறைமுகத்தில் கட்டலாம் என்றால் ஒவ்வொரு இரவுக்கும் வாடகை. ஆகவே நடுத்தண்ணீரில் நங்கூரம் போட்டுவிட்டு, சின்னப் படகில் ஏறிக் கரைக்கு வருகிறார்கள். சாமான் வாங்க, குடிதண்ணீர் பிடிக்க, நாயை நடக்க வைக்க, எல்லாவற்றுக்கும் இதுதான் வாகனம். இப்போது பெரும்பாலும் காற்றடைத்த டிங்கிகள்தான். (டிங்கி என்ற சொல் வங்காளம், இந்தி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நம் கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனதுபோல.)

விஷயம் என்னவென்றால், பெரிய படகுக்குப் பாய் வாங்கும்போதும் ஜிபிஎஸ் வாங்கும்போதும் மாதக்கணக்கில் விசாரிக்கிறவர்கள், டிங்கியைக் கடைசி நாளில், மிச்சமிருக்கும் காசில் வாங்கிவிடுகிறார்கள். அப்படி இல்லையென்றால் நேர் எதிராக, தூக்கவே முடியாத ஒரு பெரிய டிங்கியையும் அதற்கு மேல் ஒரு பெரிய மோட்டாரையும் வாங்கிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. இரண்டில் எது பெரிய தவறு என்று கேட்டால் இரண்டாவதுதான். அதை விளக்கத்தான் இவ்வளவும்.

இடம் சொல்லாமல் டிங்கி பேசுவதில் அர்த்தமில்லை. இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் இடையே சோலண்ட் என்று ஒரு கடற்கால் இருக்கிறது. பாய்மரப் படகுக்காரர்களின் மாம்பலம் ரங்கநாதன் தெரு என்று சொல்லலாம், வார இறுதியில் அவ்வளவு கூட்டம். தீவின் வடகரையில் நியூடவுன் கிரீக் என்ற அமைதியான கழிமுகம் உண்டு. சனிக்கிழமை மாலை அங்கே நங்கூரம் போட்டு, ஏற்றம் இருக்கும்போது டிங்கியில் ஓடை வழியாக ஷால்ஃப்ளீட் என்ற சிற்றூர்த் துறைக்குப் போய், அங்கே சாப்பிட்டு, கொஞ்சம் பியரும் குடித்துவிட்டுத் திரும்புவது பலருடைய வழக்கம். வற்றம் வந்துவிட்டால் அந்தத் துறையில் தண்ணீர் இருக்காது, சேறுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். போகும்போது வெளிச்சம், ஏற்றம், வெறும் வயிறு. திரும்பும்போது இருட்டு, வற்றம், நிறைந்த வயிறு, எழும்பியிருக்கும் காற்று. டிங்கியைக் கடையில் தேர்ந்தெடுக்கும்போது கண்ணுக்கு முன்னால் இருப்பது முதல் பயணம். ஆளைக் கொல்வது இரண்டாவது பயணம்.

கொல்வது என்பது மிகையல்ல. பிரிட்டனின் கடல்மீட்பு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. திரும்பத் திரும்பச் சொல்லும் எண் ஒன்று உண்டு: பிரிட்டன், அயர்லாந்து கடல்நீரின் சராசரி வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸ். ஊட்டியில் டிசம்பர் மாதம் வாளித் தண்ணீரில் குளித்தவர்களுக்கு ஓரளவு புரியும். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு கேட்காமலேயே மூச்சு வெட்டி இழுக்கும், இதயம் தாறுமாறாக அடிக்கும். அந்த முதல் நிமிடங்களில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தும் பிரயோசனமில்லை. பெரிய படகில் கடலைக் கடக்கும்போது லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பவர்கள், நூறு மீட்டர்தானே என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு டிங்கியில் ஏறுகிறார்கள். இரண்டுமே தண்ணீர்தான் என்பது எப்படியோ மறந்துபோகிறது.

ஆகவே டிங்கியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எவ்வளவு வேகமாகப் போகும் என்பதல்ல. மோட்டார் நின்றுபோனால் இதைத் துடுப்புப் போட்டுக் கரைசேர்க்க முடியுமா? இரண்டாவது, படகில் இருப்பவர்களில் பலம் குறைந்தவர் இதைத் தூக்க முடியுமா? இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

துடுப்பு விஷயத்தில் காற்றடைத்த டிங்கிகள் எல்லாமே சுமார்தான் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அகலமான வட்ட டியூப், அதன்மேல் ஒரு ரப்பர்க் கொண்டி, கூடவே இரண்டாக மடங்கும் குட்டைத் துடுப்பு. நன்றாகப் போட்டாலும் மணிக்கு 2 கடல்மைல் போனால் அதிகம். சோலண்டின் மேற்கு வாயிலான ஹர்ஸ்ட் முனையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீரோட்டமே மணிக்கு 4 கடல்மைலைத் தாண்டும். கணக்கு போட வேண்டிய அவசியமே இல்லை. கழிமுகத்துக்குள் ஓட்டம் அவ்வளவு இருக்காது என்றாலும் எதிர்காற்று அந்தக் குறையைத் தீர்த்துவிடும். அதனால்தான் தரை முக்கியமாகிறது.

டிங்கியின் தரை மூன்று நான்கு வகை. மலிவானது, துணித் தரையில் குறுக்கே சில பலகைப் பட்டைகள் வைத்தது. சுருட்டிக் கட்டுவது சுலபம், எடையும் குறைவு. ஆனால் மிதித்தால் கட்டில் நாடாபோல அமுங்கும், துடுப்புப் போடும்போது பாதி பலம் அந்த அமுக்கத்திலேயே போய்விடும். அடுத்தது காற்றுத் தரை. உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் மேல்துணியையும் கீழ்துணியையும் பிடித்திருக்க, பக்கவாட்டு டியூபைவிட இரண்டு மூன்று மடங்கு அழுத்தத்தில் காற்றடைத்தால் பலகைபோல விறைக்கும். அதன் கீழே காற்றடைத்த ஒரு சின்னக் கீலும் இருந்தால் நேர்கோட்டில் ஓரளவு போகும். இரண்டரை மீட்டர் நீளத்தில் இப்படிப்பட்ட டிங்கி 20 முதல் 25 கிலோவுக்குள் கிடைக்கிறது. மூன்றாவது மரப்பலகைத் தரை. அதைப் பொருத்துவதற்குள் விரல் நசுங்காதவர் பாக்கியசாலி.

நாலாவதுதான் எல்லோரும் ஆசைப்படுவது: ரிப் எனப்படும் கெட்டி அடிப்படகு. ஃபைபர்கிளாஸிலோ அலுமினியத்திலோ வி வடிவ அடிப்பாகம், சுற்றிலும் காற்று டியூப். வேல்ஸில் உள்ள அட்லான்டிக் கல்லூரியில் 1960களில், மாணவர்களின் கைவேலையோடு சேர்ந்து உருவான வடிவம் அது. அதை வழிநடத்திய ரியர் அட்மிரல் டெஸ்மண்ட் ஹோர் காப்புரிமையை ஒரே ஒரு பவுண்டுக்கு ஆர்.என்.எல்.ஐ.க்குக் கொடுத்துவிட்டார். மாணவர்களின் புராஜெக்ட் உலகம் முழுக்க உயிர் காப்பாற்றுவது எல்லாக் கல்லூரிக்கும் வாய்ப்பதில்லை :-)

ரிப் அருமையான படகு, அதில் சந்தேகமே வேண்டாம். அலைமேல் ஏறிப் பறக்கும், உள்ளே ஈரம் படாது. ஆனால் கூட்டிப் பாருங்கள். 3 மீட்டர் ரிப் 50, 60 கிலோ. அதைப் பறக்க வைக்க 8, 10 குதிரைத்திறன் மோட்டார், அது 40 கிலோவை ஒட்டி. பெட்ரோல் டேங்க் 10 கிலோ. ஆக மொத்தம் நூறு கிலோவைத் தாண்டிவிட்டது. 9 மீட்டர் படகில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கு இடுப்புவலி. இதை யார் எப்படி மேல்தளத்தில் ஏற்றுவது? பின்புறம் டேவிட் என்ற தூக்குக்கைகள் வைத்துத் தொங்கவிடலாம். அந்த அளவுப் படகின் பின்புறத்தில் அவ்வளவு எடையைத் தொங்கவிட்டால் படகு வாலைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். கடைசியில் என்ன செய்கிறார்கள்? பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே போகிறார்கள். வேகம் குறைகிறது, பலத்த காற்றில் டிங்கி குப்புறக் கவிழ்கிறது, பின்னோக்கி எஞ்சின் போடும்போது கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்கிறது. ஸ்கூட்டியில் போகிறவர் பின்னால் ஒரு புல்லட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதைப் போன்றதுதான் இது.

'அப்படியானால் கரீபியனில் எல்லோரும் ரிப் வைத்திருக்கிறார்களே?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அங்கே வருடம் முழுக்கப் படகிலேயே குடியிருப்பவர்கள் அதிகம். படகு 12, 13 மீட்டர். நங்கூரமிடும் இடத்திலிருந்து கரை ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கும். தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், வாரச்சாமான் எல்லாம் ஏற்ற வேண்டும். பவளப்பாறைப் பக்கம் முக்குளிக்கப் போக வேண்டும். அவர்களுக்கு டிங்கிதான் கார். தினமும் கார் ஓட்டுகிறவர் நல்ல கார் வாங்கட்டும், தப்பே இல்லை. தண்ணீரும் வெதுவெதுப்பு. சிக்கல், அந்தக் கரீபியன் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, வருடத்தில் பதினைந்து வார இறுதிகள் சோலண்டில் சுற்றுகிறவரும் அதையே வாங்குவதில்தான்.

அடுத்தது துணி. இதில்தான் அதிகச் சண்டை. பிவிசியா, ஹைபலானா? ஹைபலான் என்பது டூபான்ட் நிறுவனம் வைத்த வணிகப்பெயர், ஒருவகைச் செயற்கை ரப்பர். 2010இல் டூபான்ட் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதே ரப்பரை இன்று வேறு நிறுவனங்கள் செய்கின்றன, பெயர் மட்டும் ஜெராக்ஸ்போல ஒட்டிக்கொண்டுவிட்டது. வெயில், பெட்ரோல், உராய்வு எதற்கும் அசராது. ஆனால் மூட்டுகளைக் கையால்தான் பசைபோட்டு ஒட்ட வேண்டும், அதனால் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. பிவிசியை இயந்திரத்தால் சூடாக்கி ஒட்டிவிடலாம், மலிவு. கடும் வெயிலில் சில வருடங்களிலேயே பிசுபிசுப்பாகி மூட்டு விட ஆரம்பிக்கும்.

வணிகவியல் படிக்கும் யாருக்கும் இதில் கை அரிக்கும். நேர்க்கோட்டு முறைத் தேய்மானம் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக மட்டும்: பிவிசி டிங்கி 800 பவுண்டு, 6 வருடம் உழைக்கும், ஹைபலான் 1,800 பவுண்டு, 15 வருடம் உழைக்கும். முதலாவது வருடத்துக்கு 133 பவுண்டு, இரண்டாவது 120. ஹைபலான்தான் லாபம் என்று எல்லா விற்பனையாளர்களும் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்த 6 வருடம் வெயில் நாட்டுக்கான ஆயுள். இங்கிலாந்து வெயிலில், பயன்படுத்தாத நாளெல்லாம் பைக்குள் சுருட்டி வைத்தால் பிவிசி 10 வருடம்கூடத் தாங்கும். அப்போது வருடத்துக்கு 80 பவுண்டுதான். மேலும் 1,000 பவுண்டு முதல் நாளே கையைவிட்டுப் போவதன் செலவை அந்தக் கணக்கு பார்க்கவில்லை. 15 வருடத்துக்குள் அது திருடுபோகாது என்பதற்கும் உத்தரவாதமில்லை. டிங்கியும் மோட்டாரும் திருடர்களுக்கு மிகப் பிடித்த சாமான்கள். சொத்து புத்தகத்தில் 15 வருடம் இருக்கலாம், துறைமுகப் படிக்கட்டில் ஒரு ராத்திரி தாங்குமா என்பது வேறு கேள்வி. கரீபியன் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே வெயிலே தேய்மானத்தைப் பார்த்துக்கொள்ளும், ஹைபலான்தான் சரி. சோலண்டில் நல்ல பிவிசி போதும்.

மோட்டார் பற்றியும் ஒரு வார்த்தை. 2000களின் நடுவில் வந்த ஐரோப்பிய மாசு விதிகளால் பழைய டூ-ஸ்ட்ரோக் சின்ன மோட்டார்கள் கடைகளிலிருந்து போய்விட்டன. பத்து கிலோவுக்கு ஒன்று கிடைத்த காலம் போய், இப்போது இரண்டரை குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக் 13, 14 கிலோவில் ஆரம்பிக்கிறது. அதைத் தவறான பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தால் ஆயில் போகக்கூடாத இடத்துக்குப் போகும். இருந்தாலும் இரண்டு பேருக்கு இதுவே போதும். பறக்காது, நடக்கும். பேட்டரி மோட்டார்களும் நன்றாக வந்துவிட்டன. பேட்டரி தனி, மோட்டார் தனி என்று இரண்டாகக் கழற்றித் தூக்கலாம் என்பதே அவற்றின் பெரிய லாபம். ஆடுகிற ஏணியிலிருந்து 14 கிலோ இரும்பைக் கீழே கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எந்த மோட்டாரானாலும் கில் கார்டு என்ற சுருள் கயிற்றை ஓட்டுபவர் காலிலோ கையிலோ மாட்டியாக வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கப்பட்டு எஞ்சின் நின்றுவிடும். 2013 மே 5 அன்று கார்ன்வாலில் பாட்ஸ்டோவுக்கு அருகே ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் ஒரு ரிப்பிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். கயிறு மாட்டப்படவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து அவர்கள்மேலேயே ஏறியது. தகப்பனும் எட்டு வயது மகளும் இறந்துபோனார்கள். அது டெண்டரைவிடப் பெரிய, வேகமான படகு என்பது உண்மைதான். சுற்றும் புரொப்பெல்லர் சின்னப் படகிலும் அதே வேலையைத்தான் செய்யும்.

டிங்கியை ஒரு துணைக்கருவியாக நினைப்பவர்கள் 1972, 73ஆம் வருடங்களின் இரண்டு கதைகளைப் படிக்க வேண்டும். 1972 ஜூனில் பசிபிக்கில் ராபர்ட்சன் குடும்பத்தின் லூசெட் என்ற படகைத் திமிங்கிலங்கள் இடித்து மூழ்கடித்தன. ஆறு பேர். உயிர்காப்புத் தெப்பம் 17 நாளில் உதவாமல் போனது. மிச்ச நாட்களை அந்த ஆறு பேரும் தங்கள் கெட்டி ஃபைபர்கிளாஸ் டிங்கியில் கழித்தார்கள். மொத்தம் 38 நாள். அடுத்த வருடம் மார்ச்சில் அதே கடலில் மாரிஸ், மாரலின் பெய்லி தம்பதியின் ஆரலின் படகும் திமிங்கிலம் மோதி மூழ்கியது. தெப்பத்தையும் காற்றடைத்த டிங்கியையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு, ஊக்கை வளைத்துத் தூண்டிலாக்கி மீன் பிடித்து, ஆமை தின்று, 117 நாள் மிதந்தார்கள். தெப்பம் நாளாக நாளாகக் காற்று இழந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு தென்கொரிய மீன்பிடிக் கப்பல் அவர்களைக் கண்டெடுத்தது. இரண்டு கதையிலும் காப்பாற்றியது, தினமும் கரைக்கும் படகுக்கும் போய்வந்த அதே சாதாரண டிங்கி. அது தெப்பத்துக்கு மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்றைய தெப்பங்கள் எவ்வளவோ மேல். ஆனால் அந்த இரண்டு டிங்கிகளும் படகு மூழ்கும் சில நிமிடங்களுக்குள் கைக்கு எட்டியவை. நூறு கிலோ ரிப் தேவைப்படும் நிமிடத்தில் இரண்டு பேரால் எடுக்க முடியாதது. பைக்குள் சுருட்டி, நாற்பது சாமானுக்கு அடியில் கிடக்கும் டிங்கியும் அப்படித்தான். சுருட்டி வைப்பது துணிக்கு நல்லது என்று மேலே சொன்னது கரையில் இருக்கும் நாட்களுக்கு. கடல்பயணத்தில் காற்றடித்து முன்தளத்தில் குப்புறக் கட்டிவைக்கும் அளவுக்குச் சின்னதாக இருப்பது நல்லது.

சின்னது என்றால் எவ்வளவு சின்னது? காற்றடைத்த படகுகளுக்கான சர்வதேசத் தரம் ஆள் ஒன்றுக்கு 75 கிலோ என்று வைத்துத்தான் எண்ணிக்கை போடுகிறது. பின்பலகைத் தகட்டில் மூன்று பேர் என்றால், மழைக்கோட்டு, பூட்ஸ், சாமான் பையோடு நிஜத்தில் இரண்டு பேர். ஷேர் ஆட்டோ கணக்கை இங்கே போடக்கூடாது. இரண்டு பேர் உள்ள படகுக்கு 2.4 முதல் 2.6 மீட்டர், காற்றுத் தரை, நீளமான நல்ல துடுப்பு (கூட வருவதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம்), சின்ன மோட்டார். நாலு பேர் என்றால் பெரிய டிங்கி வாங்குவதைவிட இரண்டு தடவை போய்வருவது மேல்.

வாங்கியதும் பலர் செய்யும் முதல் காரியம், தாய்ப்படகின் பெயரை டிங்கியில் பெரிதாக எழுதுவது. டிங்கி கரையில் கிடந்தால் அந்தப் பெயருள்ள படகில் ஆள் இல்லை என்று திருடனுக்கு எழுதிக்கொடுத்த கடிதம் அது. அடையாளத்துக்கு வேறு ஏதாவது குறி போடலாம்.

சவுத்தாம்ப்டனில் வருடாவருடம் செப்டம்பரில் படகுக் கண்காட்சி நடக்கும். டிங்கிகளை வழவழப்பான கம்பளத்தில் வரிசையாக வைத்திருப்பார்கள். ஜோடி ஜோடியாக வந்து உள்ளே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, டியூபைத் தட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை குதிரைத்திறன் போடலாம் என்று கேட்பார்கள். அங்கே கேட்க வேண்டியது வேறு. 'கொஞ்சம் நகருங்கள், இதை நாங்கள் இரண்டு பேரும் தூக்கிப் பார்க்கிறோம்' என்று கேட்க வேண்டும். தலைக்கு மேலே.